தடத்தை அழிக்காதீங்க

"ஏனுங்க தம்பி, கூடங்குளத்துக் கம்ப்யூட்டர்ல வடகொரியாக்காரன் பூந்துட்டான்னு அப்ப பேப்பர்ல போட்டாங்களே. பூந்தவன் பேரு, ஊரு எழுதி வெச்சுட்டா போவான்? அவன்தான்னு எப்படிங்க சொல்றாங்க?"

நாமகிரிப்பேட்டையில் மஞ்சள் ஏலம் முடிந்த ஒரு பிற்பகலில் இப்படிக் கேட்டவர், மண்டியில் நெடுங்காலமாகக் கணக்கு எழுதுகிறவர். எனக்கு மாமா முறை. டீ சூடாக இருந்தது, அவருக்கும் அவசரமில்லை. ராணுவங்களும் உளவுத் துறைகளும் பல்கலைக்கழகங்களும் இருபது ஆண்டுகளாக மல்லுக்கட்டும் கேள்வி இது. அன்று அவரிடம் சொன்னதையும், நேரம் போதாமல் விட்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் கூடங்குளத்தில் என்ன நடந்தது என்று பார்த்துவிடலாம்.

2019 செப்டம்பர் 4. இந்தியக் கணினிகளில் நடக்கும் ஊடுருவல்களைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன், அணுமின் கழகத்துக்கு ஒரு தகவல் சொன்னது. கூடங்குளத்து வலையமைப்பில் வேவு மென்பொருள் ஒன்று இருக்கிறது என்பது தகவல். அணுசக்தித் துறை நிபுணர்கள் ஆராய்ந்தார்கள். செய்தி பொதுவெளிக்கு வரவில்லை. எட்டு வாரம் போனது. சந்தேகத்துக்குரிய கோப்புகளை உலகம் முழுவதிலிருந்தும் ஏற்றிச் சோதித்துப் பார்க்கும் வைரஸ்டோட்டல் என்ற தளத்தில் டிட்ராக் வகை வேவு நிரல் ஒன்று வந்து சேர்ந்தது. அதைப் பிரித்துப் பார்த்த ஆய்வாளர்கள் உள்ளே கூடங்குளத்தின் சுருக்கப்பெயரைக் கண்டார்கள். தேசிய தொழில்நுட்ப ஆராய்ச்சி அமைப்பில் முன்பு பணியாற்றிய புக்ராஜ் சிங், அக்டோபர் 28 அன்று அதைப் பொதுவெளியில் எழுதினார். அரசுக்குச் செப்டம்பர் தொடக்கத்திலேயே தெரிவித்துவிட்டதாகவும் சொன்னார்.

மறுநாள் 29ஆம் தேதி, மின்நிலையத்திலிருந்து மறுப்பு வந்தது. எங்கள் கட்டுப்பாட்டு அமைப்பு தனித்து இயங்குவது, இணையத்தோடு தொடர்பில்லாதது, அதன்மீது சைபர் தாக்குதல் நடக்க வாய்ப்பே இல்லை என்றது அறிக்கை. அதற்கும் மறுநாள், 30ஆம் தேதி, அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. மென்பொருள் இருந்தது உண்மை, ஆனால் அது நிர்வாக வேலைக்கான, இணையத்தோடு இணைந்த வலையமைப்பிலிருந்த ஒருவருடைய கணினியில், உலையின் உள்வலைக்கும் அதற்கும் தொடர்பில்லை என்றது.

இரண்டு அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், கட்டுப்பாட்டு அமைப்பு தனித்து இயங்குவது என்று முதல் அறிக்கை சொன்னதைப் பொய் என்று சுட்ட முடியாது. உலையை இயக்கும் கணினிகள் தனியாக இருப்பவைதான். ஆனால் ஊர் கேட்டது உலையைப் பற்றி மட்டுமா? "உங்கள் வீட்டுக்குள் யாராவது வந்தார்களா?" என்று கேட்டவர்களுக்கு, "பூஜையறைக்குள் வர முடியாது" என்று பதில் கிடைத்தது.

"ஆபீஸ் கம்ப்யூட்டர்ல என்னங்க இருந்துடப்போவுது? சம்பளக் கணக்கும் லீவு லெட்டரும்தான?"

மாமா இதைக் கேட்டதும் எனக்கு மகிழ்ச்சி. குறிவைத்தல் என்று ராணுவ ஆய்வாளர்கள் சொல்கிற விஷயம் இங்கேதான் தொடங்குகிறது. டிட்ராக் எதையும் உடைக்கிற மென்பொருளில்லை. விசைப்பலகையில் தட்டுவதைப் பதிவு செய்யும். எந்தெந்தத் தளங்களுக்குப் போனார்கள், எந்த நிரல்கள் ஓடுகின்றன, அந்தக் கணினி வேறெந்தக் கணினிகளோடு பேசுகிறது, வட்டில் என்னென்ன கோப்புகள் இருக்கின்றன என்றெல்லாம் பட்டியல் போடும். கூடங்குளத்து மாதிரியில் இதைவிட முக்கியமான ஒன்று இருந்தது. அந்த நிலையத்துக்கே உரிய ஒரு நிர்வாகி கணக்கின் பெயர், கடவுச்சொல், உள்வலை முகவரி மூன்றும் நிரலுக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தன. திரட்டிய விவரங்களைச் சுருட்டி அந்த உள்வலைக் கணினியில் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு அவை. அப்படியானால் இந்த நிரலை எழுதியவர் முன்பே ஒருமுறை உள்ளே வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். இது இரண்டாம் வருகை. தெருவில் போகிற எல்லாக் கதவையும் தட்டிப் பார்க்கிற திருடனுக்கும் இவருக்கும் உள்ள வேறுபாடு அந்த மூன்று விவரங்களில் இருக்கிறது.

சம்பளக் கணக்கில் யார் எந்தப் பிரிவில் வேலை பார்க்கிறார் என்று தெரியும். ஒப்பந்தக் கடிதங்களில் எந்தக் கருவி எந்த நிறுவனத்தினுடையது என்று தெரியும். அடுத்த மின்னஞ்சலை யாருக்கு, யார் பெயரில் அனுப்பினால் திறப்பார் என்பதும் தெரியும். தென்கொரியாவின் இஷ்யூமேக்கர்ஸ் லேப் என்ற ஆய்வுக்குழு, இந்திய அணுசக்தி ஆணையத்தின் முன்னாள் தலைவர் அனில் ககோத்கர், அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் முன்னாள் தலைவர் பரத்வாஜ் ஆகியோருக்கும் பொறி மின்னஞ்சல்கள் போயின என்று அப்போது சொன்னது. ஓய்வு பெற்ற ஒரு பெரியவரின் பெயரில் கடிதம் வந்தால் பணியில் இருக்கும் இளையவர் மறுக்காமல் திறப்பார்.

குறி எவ்வளவு கூர்மையாக இருக்கலாம் என்பதற்கு 2010இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட்டைப் பாருங்கள். ஈரானின் நதான்ஸில் யுரேனியம் செறிவூட்டும் சுழலிகளைக் கெடுப்பதற்கென்று எழுதப்பட்டது. இணையமே இல்லாத இடத்துக்கு பென்டிரைவ் வழியாகப் போகக்கூடியது. சிமன்டெக் நிறுவனத்தின் கணக்கில் ஈரான், இந்தோனேசியாவுக்கு அடுத்தபடியாக அது மிகுதியாகப் பரவியது இந்தியாவில். ஆனாலும் இங்கே எந்த ஆலையும் நிற்கவில்லை. குறிப்பிட்ட சீமன்ஸ் கட்டுப்பாட்டுக் கருவி, அதில் குறிப்பிட்ட வகை மோட்டார் வேகமாற்றிகள், அவை 807 முதல் 1,210 ஹெர்ட்ஸ் வரையில் ஓட வேண்டும். இத்தனையும் பொருந்தாவிட்டால் அது தன் வேலையைக் காட்டாது. அந்த அளவுக்கு எதிரியின் ஆலையை அறிந்துகொள்வதற்கு, யாரோ ஓர் அலுவலகக் கணினியிலோ ஒப்பந்ததாரர் கணினியிலோ முன்கூட்டியே உட்கார்ந்திருக்க வேண்டும். கூடங்குளத்து நிர்வாகக் கணினியை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாததற்குக் காரணம் இதுதான்.

சரி, மாமாவின் முதல் கேள்வி. யார் என்று எப்படிச் சொல்கிறார்கள்?

2019 செப்டம்பர் 23 அன்று, அதாவது கூடங்குளச் செய்தி வெளிவருவதற்கு ஒரு மாதம் முன்பே, காஸ்பர்ஸ்கை நிறுவனம் டிட்ராக் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டிருந்தது. இந்திய ஏடிஎம்களில் அட்டை விவரங்களைத் திருடிய ஒரு நிரலை 2018இல் ஆராய்ந்தவர்கள், அதே கைவரிசையுள்ள 180க்கும் மேற்பட்ட மாதிரிகளைக் கண்டுபிடித்தார்கள். அவற்றின் எழுத்து, 2013 மார்ச் 20 அன்று தென்கொரிய வங்கிகளையும் தொலைக்காட்சி நிலையங்களையும் முடக்கிய டார்க்சியோல் தாக்குதலின் நிரலோடு ஒத்துப்போனது. அந்தத் தாக்குதல், வடகொரியாவுடையது என்று கருதப்படும் லாசரஸ் என்ற குழுவின் கணக்கில் இருக்கிறது. 2014இல் சோனி பிக்சர்ஸ், 2016 பிப்ரவரியில் 8.1 கோடி டாலர் பறிபோன வங்கதேச மத்திய வங்கி, 2017 மே மாதத்து வான்னக்ரை தாக்குதல் எல்லாம் அதே கணக்கில் எழுதப்பட்டவை. சோனியில் கோப்புகளை அழிக்கப் பயன்பட்ட நிரல்துண்டும் வங்கதேச வங்கியில் தடயத்தை அழிக்கப் பயன்பட்ட நிரல்துண்டும் ஒரே கையெழுத்தாக இருந்தன. 2018 செப்டம்பரில் அமெரிக்க நீதித்துறை இவற்றுக்காகப் பார்க் ஜின் ஹியோக் என்ற வடகொரியர்மீது குற்றச்சாட்டே பதிந்தது.

நிரல் எழுதுகிறவர் ஒவ்வொரு முறையும் புதிதாக எழுதமாட்டார். போன வேலையில் சரியாக ஓடிய பகுதியை வெட்டி இந்த வேலையில் ஒட்டுவார். வாடகைக்கு எடுத்த சர்வரை மறுபடி பயன்படுத்துவார். வேலை நேரம் அவருடைய நாட்டு நேரத்தில் இருக்கும். இவற்றைத் தனித்தனியாகச் சேர்த்து, ஒன்று இன்னொன்றை உறுதி செய்கிறதா என்று பார்ப்பதுதான் தடம் தேடும் வேலை.

"இதையெல்லாம் தெரிஞ்சவன் வேணும்னே அடுத்தவன் எழுத்த ஒட்டி வெச்சுட்டுப் போனா?"

வைத்தார்கள். 2018 பிப்ரவரி 9, தென்கொரியாவின் பியோங்சாங்கில் குளிர்கால ஒலிம்பிக் தொடக்க விழா. அந்த நேரத்தில் அரங்கின் வைஃபை, டிக்கெட் அச்சிடும் தளம் எல்லாம் விழுந்தன. ஒலிம்பிக் டெஸ்ட்ராயர் என்று பின்னர் பெயர் வைக்கப்பட்ட அந்த நிரலை ஆராய்ந்த சிலர் வடகொரியா என்றார்கள், சிலர் சீனா என்றார்கள். நிரல் எந்தக் கருவியால் தொகுக்கப்பட்டது என்று கோப்பின் தலைப்பகுதியில் ஒரு பதிவு தானாக விழும். அந்தப் பதிவு லாசரஸ் குழுவின் பழைய நிரலோடு அப்படியே பொருந்தியது. காஸ்பர்ஸ்கை ஆய்வாளர்கள் அதோடு நிற்காமல் உள்ளே இருந்த நிரலையும் படித்தார்கள். தலைப்பில் சொல்லப்பட்ட பழைய கருவியால் உள்ளே இருப்பதைத் தொகுத்திருக்கவே முடியாது. தலைப்பு வேண்டுமென்றே ஒட்டப்பட்டது.

மண்டிக்காரருக்கு இதை விளக்க எனக்கு நேரமாகவில்லை. சாக்கின்மேல் எந்த ஊர் எழுத்து வேண்டுமானாலும் அடிக்கலாம், விரலி மஞ்சளின் மேலே மெருகும் ஏற்றலாம். அதனால்தான் ஏலத்தில் நிற்கிறவர் சாக்கைப் படித்துவிட்டு விலை சொல்வதில்லை, விரலியை உடைத்து உள்நிறம் பார்க்கிறார். மாமா தலையாட்டினார்.

அந்த ஒலிம்பிக் வேலை ரஷ்ய ராணுவ உளவுத் துறையின் 74455ஆம் பிரிவினுடையது என்று அமெரிக்கா ஆறு அதிகாரிகள்மீது 2020 அக்டோபரில் குற்றம் சாட்டியது. இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் ஆனது. தாக்குதல் நடந்த அன்று மாலையே தொலைக்காட்சியில் நாட்டின் பெயர் சொல்லப்படும்போது இந்தக் கால அளவை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. நம் பக்கத்திலும் இதற்கு உதாரணம் உண்டு. 2020 அக்டோபர் 12 அன்று மும்பையில் மின்சாரம் போனது. 2021 பிப்ரவரி கடைசியில் ரெக்கார்டட் ஃபியூச்சர் நிறுவனம், சீனத் தொடர்புள்ள ரெட்எக்கோ என்ற குழு இந்திய மின்துறையின் பத்து இடங்களைக் குறிவைத்ததாக அறிக்கை வெளியிட்டது. நமக்கு மின்சாரம் பிரித்துவிடும் தென்மண்டல மின்சுமை மையமும், தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகமும் அந்த அறிக்கையில் இருந்தன. மும்பை இருளுக்கும் இந்த ஊடுருவலுக்கும் தொடர்பு உறுதியாகவில்லை என்று அதே அறிக்கை சொன்னது. தலைப்புச் செய்திகளில் அந்த வரி காணாமல் போயிற்று. மின்தடைக்குக் காரணம் மனிதத் தவறு என்றார் அன்றைய மத்திய மின்துறை அமைச்சர் ஆர்.கே. சிங்.

உடைத்துப் பார்ப்பதற்கு விரலி கையில் இருக்க வேண்டுமே, அதை யார் தருவது? அதைத் தர வேண்டியவர் தாக்கப்பட்டவர். இந்தத் துறையில் நான் மிகவும் மதிக்கும் நிகழ்வு அதனால்தான் ராணுவத்தில் நடந்ததாக இல்லை, தர்மசாலாவில் நடந்ததாக இருக்கிறது.

2008. தலாய் லாமாவின் அலுவலகம் ஒரு வெளிநாட்டுத் தூதரைச் சந்திப்புக்கு அழைத்து மின்னஞ்சல் அனுப்பியது. தொலைபேசியில் பேசி உறுதி செய்வதற்குள், சீன அரசு அந்தத் தூதரின் அலுவலகத்தைத் தொடர்புகொண்டு எச்சரித்துவிட்டது. கடிதத்தை யாரோ படிக்கிறார்கள். அந்த அலுவலகம் மூடி மறைக்கவில்லை. வெளி ஆய்வாளர்களை அழைத்து, உள்ளே உட்காருங்கள், எங்கள் கணினிகளைப் பாருங்கள் என்றது. கேம்பிரிட்ஜிலிருந்து ஷிஷிர் நாகராஜா வந்தார். டொரன்டோ ஆய்வுக்குழு ஒன்றிலிருந்து கிரெக் வால்டன் வந்தார். வலையில் போய்வரும் தரவுகளைப் பதிவு செய்து டொரன்டோவுக்குக் கொண்டு போனார்கள். அங்கே நார்ட் வில்நூவ் என்ற ஆய்வாளர், அந்தப் பதிவில் அடிக்கடி வந்த 22 எழுத்துச் சரம் ஒன்றை கூகுளில் போட்டுத் தேடினார். தாக்கியவர்கள் பூட்டாமல் விட்டிருந்த கட்டுப்பாட்டுப் பக்கம் திறந்துகொண்டது. 103 நாடுகளில் 1,295 கணினிகள் அந்தப் பிடியில் இருந்தன. இந்தியத் தூதரகங்களும் அவற்றில் உண்டு. 2009 மார்ச்சில் கோஸ்ட்நெட் என்ற பெயரில் அறிக்கை வெளிவந்தது. சர்வர்களில் பெரும்பாலானவை சீனாவில் இருக்கின்றன என்று எழுதினார்கள், சீன அரசுதான் செய்தது என்று எழுத மறுத்தார்கள். கையில் இருந்த சான்று அதுவரைதான் போயிற்று. அந்த நிதானத்தை நான் பெரிய நேர்மையாக நினைக்கிறேன்.

அதே தேடல் அடுத்த ஆண்டு நம் ராணுவத்தின் வாசலுக்கே வந்தது. 2010 ஏப்ரலில் வெளியான இரண்டாம் அறிக்கையில், தாக்கியவர்களின் சர்வரிலிருந்து ஆய்வாளர்கள் மீட்ட ஆவணங்களில் 'ரகசியம்' என்று முத்திரையிட்ட இரண்டு இருந்தன. பாதிக்கப்பட்ட கணினிகளின் பட்டியலில் தேசியப் பாதுகாப்பு மன்றச் செயலகம், அசாமிலுள்ள 21ஆம் மலைப் பீரங்கிப் படைப்பிரிவு, செகந்தராபாத் ராணுவ மின்னணு-இயந்திரவியல் கல்லூரி இருந்தன. நம் ராணுவ ஆவணம் களவு போனதை நாம் தெரிந்துகொள்ள தர்மசாலா அலுவலகத்தின் திறந்த கதவு காரணமாக இருந்தது.

இதற்குப் பிறகு மாமா கேட்டது பயிற்சி பற்றி. "மில்டிரிக்காரங்களுக்குச் சொல்லித் தர்றது இல்லீங்களா?"

சொல்லித் தருகிறார்கள். 2007இல் எஸ்டோனியா நாட்டின் வங்கி, அரசுத் தளங்கள் எல்லாம் வாரக்கணக்கில் தாக்கப்பட்ட பிறகு அதன் தலைநகர் தாலினில் நேட்டோ ஒரு சைபர் பாதுகாப்பு மையம் அமைத்தது. 2010 முதல் அங்கே ஆண்டுதோறும் லாக்டு ஷீல்ட்ஸ் பயிற்சி நடக்கிறது. பெரிலியா என்ற கற்பனை நாட்டின் மின்கட்டமைப்பையும் குடிநீரையும் ஒரு அணி தாக்கும், மற்ற அணிகள் காக்கும். வலையைக் காப்பதற்கு மட்டும் மதிப்பெண் இல்லை, சட்ட ஆலோசனைக்கும் பத்திரிகையாளர்களுக்குப் பதில் சொல்வதற்கும் மதிப்பெண் உண்டு. இந்தியாவில் 2019இல் பாதுகாப்பு சைபர் முகமை தொடங்கியது. அது 2024 மே 20 முதல் 24 வரை சைபர் சுரக்ஷா என்ற பயிற்சியை நடத்தியது. மோவ் நகரில் ராணுவத்தின் தொலைத்தொடர்புப் பொறியியல் கல்லூரி இருக்கிறது. கான்பூர் ஐஐடியில் மின்நிலையம், நீர்ச் சுத்திகரிப்பு ஆகியவற்றின் மாதிரிகளை நிறுவி, அவற்றைத் தாக்கிப் பார்த்து ஆராய்கிறார்கள். சென்னையில் 2002இல் தொடங்கிய செட்ஸ் நிறுவனம் குறியாக்கவியலில் வேலை செய்கிறது.

ஆனால் பயிற்சி பற்றிய ஆராய்ச்சியில் என் மனத்தில் நிற்பது மிகச் சிறிய ஒரு சோதனை. அமெரிக்காவின் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரி, 2004. 512 மாணவர்களுக்கு ஒரு கர்னல் பெயரில் மின்னஞ்சல் போனது: உங்கள் மதிப்பெண்ணில் சிக்கல், உடனே இந்த இணைப்பை அழுத்திச் சரிபாருங்கள். அந்தப் பெயரில் கர்னலே அங்கே இல்லை. அவருடைய அலுவலகம் ஏழாம் மாடி என்று எழுதியிருந்தது, அந்தக் கட்டடத்துக்கு ஏழாம் மாடி கிடையாது. எண்பது விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் அழுத்தினார்கள். கணினிப் பாதுகாப்பு வகுப்பில் உட்கார்ந்துவிட்டு வந்த முதலாண்டு மாணவர்களும் அழுத்தினார்கள். மேலதிகாரி சொன்னால் உடனே செய் என்பது அவர்களுக்குக் காலையும் மாலையும் கிடைக்கிற பயிற்சி. வகுப்பில் சொன்னது அதன்முன் நிற்கவில்லை. நம் ஊர் அரசு அலுவலகங்களிலும் வங்கிகளிலும் "மேலிடத்திலிருந்து அவசரம்" என்று ஒரு கடிதம் வந்தால் என்ன நடக்கும் என்பதை யோசித்துப் பாருங்கள். இருபது ஆண்டு கழித்து கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ மருத்துவமனைகளில் 19,500 பேரை வைத்து எட்டு மாதம் சோதித்தார்கள். போலிக் கடிதத்தை அழுத்தியவர்களுக்கு உடனே பாடம் காட்டிப் பார்த்தார்கள். பாடம் பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் வேறுபாடு 1.7 விழுக்காடு.

அழுத்தாதே என்று சொல்லிச் சொல்லி யாரையும் அழுத்தாமல் வைக்க முடியாது என்றுதான் இவற்றிலிருந்து எனக்குப் படுகிறது. அழுத்திவிட்ட பிறகு, "சார், நான் அழுத்திட்டேன்" என்று பயமில்லாமல் வந்து சொல்ல வைக்க முடியும். சொன்னவருக்கு மெமோ கொடுக்கிற அலுவலகத்தில் அடுத்தவர் சொல்லமாட்டார், கணினியை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போவார். கூடங்குளத்தில் அந்த ஒருவரின் கணினியைப் பற்றிப் படித்தபோதெல்லாம், அவர் எப்படி நடத்தப்பட்டிருப்பார் என்ற கவலை எனக்கு வந்திருக்கிறது.

2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் ஓர் ஆணை பிறப்பித்தது. ஊடுருவல் தெரியவந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், கணினிகளின் வரவுபோக்குப் பதிவேடுகளை 180 நாள் அழிக்காமல் வைக்க வேண்டும். ஆறு மணி நேரம் மிகக் குறைவு என்று நிறுவனங்கள் முறையிட்டன. எனக்கு அந்த 180 நாள்தான் பெரிதாகத் தெரிகிறது. உள்ளே வந்தவர் மாதக்கணக்கில் சத்தமில்லாமல் இருப்பார். முதல் நாள் எந்த வழியாக வந்தார் என்ற பதிவு, நாம் விழித்துக்கொள்ளும்போது இருக்க வேண்டும்.

மாமா இரண்டாவது டீ சொன்னார். "நம்ம மண்டி கம்ப்யூட்டர்ல போன வருசம் என்னமோ பூந்துச்சுங்க. ராசிபுரத்துல இருந்து பையன் வந்து, பார்மட் போட்டு, அரை மணி நேரத்துல சரி பண்ணிக் குடுத்துட்டான்."

கணினி சரியாயிற்று, எவன் வந்தான் என்பதற்கான சான்று முழுவதும் அந்த அரை மணி நேரத்தில் போயிற்று. அவரிடம் அடுத்த முறைக்குச் சொன்னது இவ்வளவுதான். முதலில் நெட் வயரைப் பிடுங்கிவிடுங்கள், வைஃபையை நிறுத்துங்கள். கணினியை அணைக்காதீர்கள், நினைவகத்தில் ஓடிக்கொண்டிருப்பது அணைத்தால் மறைந்துவிடும். திரையைப் போனில் படம் எடுங்கள், மணி என்ன என்று எழுதுங்கள். வந்த மின்னஞ்சலை அழிக்காதீர்கள், பார்வர்டும் செய்யாதீர்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அழையுங்கள். பார்மட் போட்டே ஆகவேண்டுமென்றால், பழைய ஹார்டு டிஸ்கைக் கழற்றி தேதி எழுதி பீரோவில் வைத்துவிட்டு, புது டிஸ்க் போடச் சொல்லுங்கள்.

"பழைய டிஸ்க்கு எத்தன நாளைக்குங்க வெச்சிருக்கோணும்?" என்றார். ஆறு மாதமாவது என்றேன்.